பதினாலாம் பெட்

இல்லாத ஒரு ஆளுக்கு நீங்கள் எப்போதாவது காய்ச்சல் பார்த்திருக்கிறீர்களா?

நர்ஸ் ஊசியக்கா பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, ஆஸ்பத்திரி மூன்றாம் மாடிப் பெண்கள் வார்டில், முழு நினைவோடு பார்த்தாள். அதற்குக் காரணம் ரேடியோவின் வாய்.

அன்றைக்கு ஊசியக்கா பின்பக்க இரும்புப் படிக்கட்டிலிருந்து வார்டுக்குள் நுழைந்தபோது எதிரே மேட்ரன் நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் இருக்கும் அத்தனை நர்ஸுக்கும் அவர்தான் தலைவி. வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாலும் சிகரெட் கேஸ். இருபதடி தள்ளி நின்றே புகைவாடையைப் பிடித்துவிடுவார் என்பதால், அவர் காதில் விழாத இடங்களில் அவருக்குப் பெயர் மூக்கு.

"எங்க போயிட்டு வர்ற?" என்றார் மேட்ரன்.

ஊசியக்கா வாயைத் திறக்கவில்லை. உள்ளே இரண்டு புதினா மிட்டாய் இருந்தன. இருந்தாலும் மூக்கை நம்ப முடியாது.

"பதினாலாம் பெட்டைப் பாக்கப் போயிருந்தாங்க மேடம்," என்றாள் ரேடியோ.

ரேடியோவும் அங்கே நர்ஸ்தான். அவளுக்கு வாய் முதலில் திறக்கும், யோசனை பிறகு வரும். அந்த வார்டில் இருப்பது பதின்மூன்று கட்டில். பதினாலு என்பது அங்கே பகலில் வேலை பார்க்கும் மூன்று நர்ஸுகளும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பேச்சு. "பதினாலைப் பாத்துட்டு வரேன்" என்று ஒருத்தி சொன்னால், படிக்கட்டில் நின்று ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருகிறேன், அதுவரை என் பேஷண்டுகளைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. நோயாளிகளுக்குக்கூட சந்தேகம் வந்ததில்லை.

"இந்த வார்டுல பதிமூணுதானே?" என்றார் மேட்ரன்.

"ஒண்ணு எக்ஸ்ட்ரா மேடம். அந்தக் கடைசி ரூம்ல. இருமல் கேஸ். மத்தவங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு தனியா வெச்சிருக்கோம்."

கடைசி ரூம் என்பது உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைக்கும் அறை. மேட்ரன் அந்தப் பூட்டிய கதவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஊசியக்காவைப் பார்த்தார்.

"சார்ட் சாயங்காலத்துக்குள்ள என் மேசைக்கு வரணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊசியக்கா மிட்டாயை விழுங்கிவிட்டாள்.

"உன் நாக்குல பிளாஸ்திரி ஒட்டினாத்தான்டி எனக்கு விடிவு."

"பின்னே, சிகரெட் பிடிக்கப் போயிருந்தாங்கன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"டாய்லெட்டுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

ரேடியோ யோசித்தாள். "அது தோணல அக்கா."

மற்றவர்கள் மாட்டினால் அவமானம். ஊசியக்கா மாட்டினால் கதை முடிந்தது. ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தாள். மூன்றாவது வந்தால் வேலை இல்லை. கட்டடத்திலிருந்து விழுந்து இடுப்பு போன புருஷன் இரண்டு வருஷமாக வீட்டில் படுத்திருக்கிறான். அவள் ஒருத்தி நடப்பதால்தான் அந்த வீடு நடக்கிறது. இதற்கு மேல் இன்னொரு கொடுமையும் இருந்தது. கீழே லிஃப்ட் பக்கத்தில் ஆளுயரப் போஸ்டர் ஒன்று. அதில் ஊசியக்கா சிரித்துக்கொண்டு நிற்பாள். மேலே பெரிய எழுத்தில், "நான் புகையை விட்டுவிட்டேன். நீங்கள்?"

பொய் இல்லை. போட்டோ எடுத்த அன்று அவள் விட்டு பதினோரு நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டாம் நாள் ஒரே மணி நேரத்தில் இரண்டு பேஷண்ட் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு பேரையும் துடைத்து, கட்டி, அனுப்பிவிட்டுப் படிக்கட்டுக்குப் போனவள்தான். அன்றிலிருந்து தினமும் தன் படத்தைத் தாண்டி வேலைக்கு வரும்போது தலையைக் குனிந்துகொள்வாள்.

மூன்றாவது நர்ஸின் பெயர் நெட்டை. வேலையில் இளையவள், உயரத்தில் மூத்தவள். மூன்று பேரும் ஒரு வெறும் சார்ட்டை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள்.

"ஆணா, பொண்ணா?" என்றாள் நெட்டை.

"பெண்கள் வார்டுடி இது."

"சரி, வயசு?"

"ஐம்பத்தாறு போடு. ரெண்டு மாசமா இருமல். மாடி ஏறினா மூச்சு வாங்கும். சாயங்காலமானா லேசாக் காய்ச்சல்."

"பேரு?"

உயிரோடு இருக்கிற ஆளின் பெயரைப் போட்டு, அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கடைசியில் ரேடியோ போன வருஷம் செத்துப்போன தன் சித்தியின் பெயரைக் கொடுத்தாள். அவளுக்கு இனிமேல் ஆவதற்கு ஒன்றும் இல்லை.

காய்ச்சல் கட்டத்துக்கு வந்ததும் ஊசியக்காவின் பேனா நின்றது.

"எழுதுங்க அக்கா. தொண்ணூத்தொம்போதுன்னு போடுங்க."

"பாக்காம எப்படிடி போடுறது?"

"ஆளே பொய். அதுல காய்ச்சல் மட்டும் நெசமா இருக்கணுமா?"

"ஆள் பொய்யா இருக்கலாம். பதினேழு வருஷ சர்வீஸ்ல நான் பாக்காம ஒரு டெம்பரேச்சர் எழுதினதில்ல. கை வரமாட்டேங்குது."

தெர்மாமீட்டரை எடுத்துத் தன் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. எழுதினாள். தன் நாடியைத் தானே பிடித்து எண்ணி அதையும் எழுதினாள். அப்புறம்தான் மனசு சமாதானமானது.

சார்ட் மேட்ரன் மேசைக்குப் போனது. மறுநாள் காலை வார்டுக்குத் திரும்பி வந்தது. அதைப் பிரித்த ஊசியக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் எழுதியதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. நீல மையில் வெறும் எண்கள். மாலை ஆறு மணி, காய்ச்சல் நூறு புள்ளி இரண்டு, நாடி நூற்றுப் பத்து.

"ஆறு மணிக்கு யாருடி எழுதினது?"

"நான் அஞ்சுக்கே போயிட்டேன்," என்றாள் நெட்டை.

"எனக்கு நூறெல்லாம் இல்ல அக்கா. தொட்டுப் பாருங்க," என்று கையை நீட்டினாள் ரேடியோ. குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

சாயங்கால ஷிப்ட்காரிகள் யாரோ உதவி செய்வதாக நினைத்து எழுதியிருப்பார்கள் என்று ஊசியக்கா மனதைத் தேற்றிக்கொண்டாள். கேட்கலாம் என்றால், கேட்பதற்கே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மத்தியானம் சமையல்கட்டிலிருந்து பதினான்கு தட்டுகள் வந்தன. சார்ட் இருந்தால் சாப்பாடும் உண்டு. திருப்பி அனுப்பினால் கேள்வி வரும் என்று, கடைசி ரூமைத் திறந்து, அங்கிருந்த இரும்புக் கட்டிலில் ஒரு மெத்தையும் விரிப்பும் போட்டு, தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பூட்டினாள். யாராவது எட்டிப் பார்த்தாலும் பேஷண்ட் பாத்ரூம் போயிருக்கிறார் என்று சொல்லலாம். சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்கு, பதின்மூன்றாம் பெட்டில் கால் முறிந்து படுத்திருந்த பள்ளிக்கூட டீச்சர் கூப்பிட்டார்.

"சிஸ்டர், பக்கத்து ரூம்ல அந்தம்மா இருமிக்கிட்டே இருக்காங்களே. யாராவது கொஞ்சம் தண்ணி குடுக்கக் கூடாதா?"

ஊசியக்கா சிரிக்கப் பார்த்தாள். அப்போது அவளுக்கும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு இருமுகிற மாதிரி ஒரு இருமல். அடங்கி, மறுபடி கிளம்பி, மறுபடி அடங்கியது.

மூன்று பேரும் கதவருகில் கூடினார்கள். சாவி ஊசியக்காவின் பையில்தான் இருந்தது. பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ தொற," என்றாள் ஊசியக்கா.

"நான் நெட்டை. எதாச்சும் பறந்து வந்தா முதல்ல என் மூஞ்சிலதான் படும். ரேடியோ தொறக்கட்டும்."

"என் சித்திதான்னா நான் மூஞ்சில முழிக்க மாட்டேன்பா. சாவுக்கே நான் போகல."

கடைசியில் ஊசியக்காதான் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. விரிப்பு கசங்கியிருந்தது. தலையணையில் ஒரு பள்ளம். கை வைத்துப் பார்த்தாள், இன்னும் சூடு இருந்தது. தட்டில் பாதி சாப்பிட்டிருந்தது, மீதியை ஒழுங்காக ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தது. அந்த அறைக்குப் படிக்கட்டுப் பக்கம் இன்னொரு கதவு உண்டு. அதுவும் பூட்டித்தான் இருந்தது. அதன் சாவியை வார்டில் யாரும் பார்த்ததே இல்லை. ஆபீஸில் இருந்தால் உண்டு.

நெட்டை மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, பேஷண்டும் பிடிக்குது."

உண்மைதான். அறை முழுக்கச் சிகரெட் நெடி. பழசு இல்லை, சுடச்சுட.

"உன் சித்தி பிடிப்பாளா?" என்றாள் ஊசியக்கா மெதுவாக.

"வெத்தலைதான் போடுவா. சிகரெட்னாலே அடிக்க வருவா."

"அப்ப இது உன் சித்தி இல்ல."

"பேரு மட்டும் அவளோடதுதான அக்கா," என்றாள் ரேடியோ. சொன்ன பிறகு அவளே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து மூன்று பேரும் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. மெமோவும் போஸ்டரும் செய்ய முடியாத காரியத்தைப் பதினாலாம் பெட் செய்துவிட்டது. சிகரெட் இல்லாத நெட்டை சும்மா சும்மா அழுதாள். ரேடியோ பேசாமலே இருந்தாள். நோயாளிகள் எல்லாம் அவளுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். சார்ட்டில் மட்டும் தினமும் மாலை ஆறு மணிக்கு நீல மையில் ஒரு வரி கூடிக்கொண்டே வந்தது. நூறு புள்ளி நாலு. நூறு புள்ளி ஆறு. வெள்ளிக்கிழமை பார்த்தபோது கடைசி எண்களுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: "சளியில் ரத்தம்."

அன்றைக்குக் காலையில் மேட்ரன் ரவுண்ட்ஸ் வந்தார். மற்ற பதின்மூன்று பேரையும் பார்த்துவிட்டு, போகும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பதினாலு எப்படி இருக்காங்க?"

ஊசியக்கா ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னாள். "நல்லாத் தேறிட்டாங்க மேடம். இருமல் சுத்தமா நின்னுடுச்சு. இன்னைக்கு டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்னு இருக்கோம்."

"இருமல் நின்னுடுச்சுன்னு யார் சொன்னா?"

"பேஷண்ட்தான் மேடம்."

"பேஷண்ட் சொல்றத நம்பிடுவியா? பயத்துல ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவாங்க." மேட்ரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பயப்படுறாங்களா?"

"யாரு மேடம்?"

"பதினாலு."

ஊசியக்கா பூட்டிய கதவைப் பார்த்தாள். "தனியா இருக்காங்கல்ல மேடம். கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்."

"ம்." மேட்ரன் திரும்பாமலே சொன்னார், "ரத்தமும் எக்ஸ்ரேவும் பாக்காம அனுப்பக் கூடாது. நெஞ்சு டாக்டர்கிட்ட நானே எழுதி வாங்கிட்டேன்."

அவர் போனதும் ஊசியக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என் ரத்தத்தையே குடுத்துடறேன். நல்லா இருக்கேன்னு ரிசல்ட் வரும். எக்ஸ்ரேக்கும் நானே போய் நிக்கிறேன். இன்னையோட பதினாலு குணமாகி வீட்டுக்குப் போகட்டும்."

நெட்டை சிரிஞ்சை எடுத்தாள். பதினேழு வருஷமாக ஊருக்கெல்லாம் ஊசி போட்டு, போட்டதே தெரியவில்லை என்று பெயர் வாங்கிய ஊசியக்காவுக்கு, தனக்கு ஊசி என்றால் பயம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ரேடியோவின் கையை நசுக்கினாள். ரேடியோ இரண்டு நாளுக்குப் பிறகு வாய் திறந்தது அந்த வலியில்தான்.

ரத்தம் எடுத்த குழாயோடு ஊசியக்காவே லேபுக்குப் போனாள். அங்கிருந்த பெண் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டுக் குழாயைத் திருப்பித் தள்ளினாள்.

"பதினாலுதான? காலைல ஏழு மணிக்கே வந்துடுச்சே சிஸ்டர். பரிசோதனையும் நடந்துக்கிட்டிருக்கு."

"யாரு கொண்டாந்து குடுத்தா?"

"நான் வந்தப்ப டிரேல இருந்துச்சு. உங்க வார்டு சீட்டுதான் ஒட்டியிருந்துச்சு." அவள் ஊசியக்காவின் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். "அப்ப இது யாரோடது?"

"யாரோடதும் இல்ல," என்று சொல்லிவிட்டு ஊசியக்கா தன் ரத்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு வேகமாக மாடியேறினாள். இரண்டாம் மாடியிலேயே மூச்சு வாங்கியது. சார்ட்டில் தான் எழுதியது ஞாபகம் வந்து, நின்று, மெதுவாக ஏறினாள்.

மேலே நெஞ்சு டாக்டர் காத்திருந்தார். கையில் ஒரு எக்ஸ்ரே படம். ஓரத்தில் பெரிதாகப் பதினாலு என்று எழுதியிருந்தது.

"சிஸ்டர், இந்தப் பேஷண்ட் எங்க?"

அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு முழு நெஞ்சு. விலா எலும்புகள், கழுத்தெலும்பு, இதயத்தின் நிழல், எல்லாம் இருந்தன. இல்லாத ஆளுக்கு எலும்பு எல்லாம் சரியாக இருந்தது. வலது பக்கம் மேலே ஒரு வெள்ளைக் கட்டி, எலுமிச்சம்பழம் அளவுக்கு.

"எத்தன வருஷமாப் பிடிக்கிறாங்களோ தெரியல," என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்ச நாள் விட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இப்பன்னா ஒரு வழி இருக்கு. நாளைக்குக் காலைல இவங்க என் கண்ணு முன்னாடி கட்டில்ல இருக்கணும்."

அவர் படத்தை நெட்டையிடம் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று பேரும் அந்தப் படத்தைச் சுற்றி நின்றார்கள். மூன்று பேரும் மூன்று தரம் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"நெட்டை, நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. நீ போய் எடுத்துக்கிட்டியா?"

"இல்லக்கா."

"ரேடியோ?"

"எனக்கு இருமலே இல்ல. நீங்கதான் அக்கா ரெண்டாவது மாடிலயே நிக்கிறீங்க."

"நான் எடுக்கப் போறேன்னு சொன்னேன். இன்னும் எடுக்கல." ஊசியக்கா படத்தைக் கையில் வாங்கினாள். பயம் போய் அவளுக்குள் வேறு ஏதோ வந்திருந்தது. "பேயா இருந்தா எலும்பு இருக்காதுடி. இது யாரோ ஒருத்தி. நம்மள மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு பிடிச்சவ. வெளிய சொல்லப் பயந்துக்கிட்டு, நாம எழுதின பொய்க்குள்ள வந்து படுத்திருக்கா. யாருன்னு நான் கேக்கப் போறேன்."

"கேட்டா மாட்டிக்குவீங்க அக்கா," என்றாள் நெட்டை. "பதினாலாம் பெட்டே கிடையாதுன்னு நீங்க வாயால சொல்லணும். ஏன் எழுதினேன்னு கேப்பாங்க. வேலை போயிடும்."

"தெரியும்."

"மாமாவ யாரு பாக்குறது?"

ஊசியக்கா படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "கேக்கலன்னா இவ செத்துடுவா," என்றாள்.

முதலில் மேட்ரன் ரூமுக்குத்தான் போனாள். மூன்றாவது மெமோவைக் கையில் வாங்கிவிட்டுப் பேசலாம் என்ற முடிவோடு போனாள். ரூம் பூட்டியிருந்தது. லீவு சொல்லிவிட்டுப் போனதாக ஆபீஸ் ஆள் சொன்னான். ஆறு மாதத்தில் மேட்ரன் லீவு போட்டது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து நேராகக் கீழே எக்ஸ்ரே ரூமுக்கு இறங்கினாள். வழியில் லிஃப்ட் பக்கம் அவள் படம் சிரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் தலையைக் குனியவில்லை.

எக்ஸ்ரேக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் யாரையும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. நில்லு, மூச்சை இழு, பிடி, விடு, போ. இருபது வருஷமாக அவர் பேசிய பேச்சே அவ்வளவுதான்.

"அண்ணே, ஒரு விஷயம் சொல்றேன். சொன்னப்புறம் நீங்க யார்கிட்ட வேணாலும் சொல்லிக்கோங்க," என்றாள் ஊசியக்கா. "எங்க வார்டுல பதினாலாம் பெட்டே கிடையாது. நாங்க சிகரெட் பிடிக்கப் போறதுக்கு வெச்ச பேரு அது. மாட்டிக்கக் கூடாதுன்னு சார்ட்டும் நான்தான் எழுதினேன். இப்ப அந்தப் பேர்ல நெசமாவே ஒருத்தி இருக்கா. இந்தப் படம் எடுக்க வந்து நின்னது யாரு?"

எக்ஸ்ரேக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். படத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"உங்க மேட்ரனம்மாதான் சிஸ்டர். பேரு வேணாம் தம்பி, பதினாலுன்னு போட்டுக்கோ, அந்தப் பொண்ணுங்க எனக்காக ஒரு பெட்டு போட்டு வெச்சிருக்காங்கன்னு சொன்னாங்க."

மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கடைசி ரூமிலிருந்து அந்த இரும்புக் கட்டிலை வெளியே இழுத்து, பதின்மூன்றாம் பெட்டுக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாகப் போட்டார்கள். எட்டு மணிக்கு மேட்ரன் வீட்டுப் புடவையில் வந்து அதில் படுத்தார்.